சோபா ஒரு பக்கம் மட்டும் வெளுக்கிறது, தேக்கு மேஜையில் விரிப்பின் தடம் விழுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வேளச்சேரியில் மூன்றாவது மாடி வாடகை வீடு, மேற்குப் பார்த்த ஹால், பெரிய ஸ்லைடிங் ஜன்னல். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய மெரூன் துணி சோபாவில் ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. தேக்கு சாப்பாட்டு மேஜையில் விரிப்பை எடுத்தால் அது கிடந்த இடம் தனியாகத் தெரிகிறது. கணவர் ஒரு பாலிஷ் ஸ்பிரே வாங்கி வந்திருக்கிறார், கடைக்காரர் கண்ணாடிக்கு பிலிம் ஒட்டச் சொல்கிறார், மாமியார் கனமான திரை போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மாமியார் சொல்வதைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஸ்பிரேயை மட்டும் முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மர வேலையும் பாலிஷ் வேலையுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், மேலே தெளித்துத் துடைக்கும் எதுவும் வெயிலைத் தடுத்து நான் பார்த்ததில்லை. மரத்துக்கு ஒரு மினுமினுப்பு வரும், இரண்டு நாளில் தூசி ஒட்டும், அதில் சிலிகோன் கலந்திருந்தால் நாளைக்கு மறுபாலிஷ் போடும்போது புதுப் பூச்சு பிடிக்காமல் திட்டுத் திட்டாக ஒதுங்கும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் அப்படித்தான். சாமானுக்கு மேல் எதைப் பூசலாம் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, வெளிச்சம் எந்த வழியாக, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தால் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

நிறம் ஏன் போகிறது என்பது உங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். சட்டையில் சாம்பார் கொட்டினால் மஞ்சள் கறை சோப்புக்கு மசியாது, ஆனால் துவைத்து நல்ல வெயிலில் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். மஞ்சளின் நிறம் தரும் மூலக்கூறை வெளிச்சம் உடைத்துவிடுகிறது, உடைந்த பிறகு அதற்கு நிறம் கிடையாது. உங்கள் சோபாவின் மெரூன் சாயத்துக்கும் இதே கதிதான், மஞ்சளுக்கு ஒரு நாள் என்றால் நல்ல சாயத்துக்குச் சில வருடம். உடைந்தது உடைந்ததுதான், நிழலில் வைத்தால் திரும்பி வராது. இது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் கணக்கு. நேற்றுப் பட்ட வெயிலும் இன்று படும் வெயிலும் சேர்ந்துதான் நிற்கும், இடையில் ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் கணக்கு பூஜ்ஜியம் ஆகிவிடாது.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போவதில்லை. தெருச் சுவரில் போன வருடம் ஒட்டிய போஸ்டரும், சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய படங்களும் ஏன் நீல நிறமாக மாறி நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும், நீலம் கடைசிவரை தாங்கும். இன்னொரு பக்கம், கோயில் மதில் காவிப் பட்டையைப் பாருங்கள். பட்டப்பகல் வெயிலில் கிடக்கிறது, மழை கரைத்தால் உண்டே தவிர வெயில் அதை வெளுக்க வைப்பதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும் அதே சங்கதி. காவி என்பது இரும்பு ஆக்சைடு, மண்ணிலிருந்து வந்த நிறமி, வெளிச்சத்துக்கு அது அசையாது. மஞ்சளுக்கும் காவிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாலிஷ் பற்றிச் சொல்லும்போது திரும்பவும் வரும்.

வெளிச்சத்தில் எது கெடுக்கிறது என்று கேட்டால் எல்லோரும் புற ஊதாக் கதிர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தரைக்கு வரும் சூரிய ஒளியில் அது 5 சதவீதம்கூட இருக்காது, ஆனால் அதன் ஒவ்வொரு ஒளித்துகளிலும் ஆற்றல் அதிகம் என்பதால் அடி பலமாக விழுகிறது. சரி, அதை மட்டும் தடுத்துவிட்டால் போதுமா? போதாது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் சாயத்தை உடைக்கும், குறிப்பாக அதில் இருக்கும் நீலப் பகுதி. அருங்காட்சியகங்களில் பழைய துணிகள் வைத்திருக்கும் அறை ஏன் அவ்வளவு மங்கலாக இருக்கிறது தெரியுமா? புற ஊதாக் கதிரை முழுக்க வடிகட்டிய பிறகும் துணிக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் பின்பற்றும் அளவு. உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். சாயங்கால வெயில் அதில் பாதி என்றே வைத்துக்கொள்வோம், 50,000. அப்படியானால் உங்கள் சோபாவின் மேல் ஒரு மணி நேரம் விழும் நேர் வெயில், அந்த அருங்காட்சியக விளக்கின் கீழ் 1,000 மணி நேரம் இருப்பதற்குச் சமம். தினமும் 8 மணி நேரம் திறந்திருக்கும் இடம் என்றால் 125 நாள். நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெயில் படுகிற சோபா இரண்டு வருடத்தில் வெளுத்ததில் துணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘கண்ணாடி மூடித்தானே இருக்கிறது’ என்பார்கள் பலர். சாதாரண ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதா பி வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும், அதனால்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மொட்டை மாடியில் நிற்பது போலத் தோல் எரிவதில்லை. ஏ வகையில் பாதிக்கு மேல் அப்படியே உள்ளே வரும். டஃபன் பண்ணிய கண்ணாடி என்று விற்பார்கள், அது உடையாமல் இருப்பதற்கான பதம், வெயிலுக்கு அதில் தனிப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி வேறு, கார் முன் கண்ணாடி மாதிரி, அது புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்திவிடும். சொந்த வீடு கட்டுபவர்கள் மேற்கு ஜன்னலுக்கு மட்டுமாவது இதைப் போட்டால் செலவு வீண் போகாது.

இப்போது உங்கள் ஜன்னல். மேற்கு வெயிலின் கஷ்டமே அது படுத்துக்கொண்டு வருவதுதான். சென்னையில் மார்ச் மூன்றாம் வாரம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில்தான் இருக்கும். ஜன்னலின் மேல் விளிம்பு 7 அடியில் இருந்தால் வெளிச்சம் தரையில் கிட்டத்தட்ட 15 அடி உள்ளே வந்து விழும். மேலே 2 அடி சன்ஷேடு இருக்கிறது என்றால் அது 13 அடியாகக் குறையும், அவ்வளவுதான். 13 அடி என்பது நம் பிளாட்களில் முழு ஹாலுமே! சன்ஷேடு உச்சி வெயிலுக்கும் மழைச் சாரலுக்கும் உதவும், சாயங்கால வெயிலை அதைக் கொண்டு தடுக்க முடியாது. பழைய வீடுகளில் திண்ணையும் தாழ்வாரமும் 6, 8 அடி ஆழத்துக்கு ஓட்டைத் தாழ இறக்கி வைத்திருந்தார்களே, குனிந்து நுழைய வேண்டியிருக்குமே, அந்தத் தாழ்ந்த விளிம்புதான் படுத்து வரும் வெயிலை மறித்தது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஐம்பது வருடம் இருந்த மர ஊஞ்சலும் பத்தாயமும் நிறம் மாறாமல் நின்றதற்கு அந்தக் காலத்து மரம் மட்டுமே காரணம் இல்லை.

வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்றும் நம்பிவிடாதீர்கள். சென்னைக்கு ஏப்ரல் கடைசியில் ஒரு முறையும் ஆகஸ்ட் நடுவில் ஒரு முறையும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், இடைப்பட்ட நாலு மாதமும் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் மாதம் அது உதிப்பதும் மறைவதும் நேர் கிழக்கு மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி. எனவே ஆனி மாதக் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் வரும். தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தை. வீட்டில் இருப்பவர்களுக்கே இது தெரியாமல் போகும், அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடுவதால்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே கிடையாது. தினத்தாளின் ஓரத்தில் அச்சில்லாத வெள்ளை இடம் இருக்கும் அல்லவா, அதைக் கிழித்து ஹாலில் நாலைந்து இடத்தில் வையுங்கள்: சோபா கையில், மேஜை மேல், டிவி ஸ்டாண்டில், புத்தக அலமாரியில். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். பத்து நாள் கழித்து நாணயத்தை எடுத்துப் பார்த்தால் கீழே வெள்ளை வட்டமும் சுற்றிலும் பழுப்பும் இருக்கும், எங்கே வித்தியாசம் அதிகமோ அங்கேதான் உங்கள் வெயில் விழுகிறது. தினத்தாள் பழுப்பதற்கும் மரம் நிறம் மாறுவதற்கும் காரணம் ஒன்றேதான், இரண்டிலும் இருக்கும் லிக்னின் என்ற பொருள். திரை போட்ட பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள், கடைக்காரர் பேச்சை நம்ப வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்தது இடம் மாற்றுவது, இதற்கும் காசு வேண்டாம். மேற்குச் சுவரில் ஜன்னல் இருக்கிறது என்றால் அதே மேற்குச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு இடமும் வலமும் இருக்கும் இடத்தில் மேற்கு வெயில் நேராகப் படவே படாது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்தான் முழுதும் வாங்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம், காற்று வரட்டும் என்று சோபாவை ஜன்னலுக்குக் கீழேயோ எதிரேயோ போடுகிறோம், கல்யாணப் போட்டோவை எதிர்ச் சுவரில் மாட்டுகிறோம். உங்கள் சோபாவை ஜன்னல் சுவருக்கே, ஒரு பக்கமாக நகர்த்த முடியுமா பாருங்கள். கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி இருந்தால் அதையும்தான், புத்தக முதுகு வெளுத்துப் போனால் தலைப்பைக்கூடப் படிக்க முடியாது.

வாஸ்து பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். கனமான பீரோவும் கட்டிலும் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும் என்பார்கள், அதே சாஸ்திரம் அந்த மூலையில் திறப்பு குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இப்போதைய பிளாட்டுகளில் முதல் பாதியை மட்டும் பின்பற்றி, இரண்டாவது பாதியை விட்டுவிட்டு, தென்மேற்குப் படுக்கையறையில் ஆறடிக்குக் கண்ணாடி வைத்துவிடுகிறார்கள். வருடத்தில் மதியத்துக்கு மேல் அதிக வெயில் வாங்கும் மூலை அது. வீட்டிலேயே விலை உயர்ந்த மரம் அங்கே நிற்கிறது.

திரைக்கு வருவோம். மெல்லிய வலைத் திரை கண்ணைக் கூசாமல் வைக்கும், சாயத்தைக் காப்பாற்றாது. நெருக்கமாக நெய்த கனத்த துணி வேண்டும், அதற்குப் பின்னால் வெளிப்பக்கம் பார்த்தபடி வெள்ளை அல்லது வெளிர் நிற லைனிங் வேண்டும். பின்பக்கம் பூச்சு பூசிய பிளாக்அவுட் துணி என்றே கேட்டால் கிடைக்கும். லைனிங் இல்லாமல் தைத்தால் திரையே முதலில் வெளுத்து, மடிப்பு மடிப்பாக நைந்து கிழிய ஆரம்பிக்கும், வெயில் நிறத்தோடு நூலின் பலத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். பட்டுத் துணியில் திரை தைக்காதீர்கள், வெயிலைத் தாங்குவதில் பட்டுதான் எல்லாவற்றிலும் நோஞ்சான், பட்டுப் புடவையை நிழலில் உலர்த்தச் சொன்னதற்கு அதுதான் காரணம். திரை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரை அடி அகலமாக இருக்கட்டும், இடுக்கு வழியாக விழும் ஒரு கோடு வெயில் மேஜையில் ஒரு கோட்டையே வரைந்துவிடும்.

நாள் முழுதும் திரையை மூடி இருட்டில் உட்கார வேண்டாம். மேற்கு ஜன்னல் காலையில் திறந்தே இருக்கலாம். மதியம் ஒரு மணியிலிருந்து சூரியன் மறையும் வரை மூடினால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பும்போதே மூடிவிட்டுப் போங்கள், இதை ஒரு மாதம் கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டால் வேறு எதற்கும் செலவு செய்யாமல் பெரும்பகுதி சேதம் நின்றுவிடும். இதனால்தான் உங்கள் மாமியார் சொன்னது சரி என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே மறைக்க முடிந்தால் அது இன்னும் மேல். உள்ளே திரை போட்டால் வெளிச்சம் நிற்கும், ஆனால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். பால்கனி இருந்தால் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், சுருட்டி ஏற்றி இறக்கும் வகை. அது அழகாகவும் இருக்கும், காற்றும் வரும். விலை குறைவாக வேண்டும் என்றால் நர்சரிக்குப் போடும் கிரீன் நெட், அதில் 50, 75, 90 சதவீதம் என்று நிழல் அளவு இருக்கிறது, 75 வாங்கினால் வெளிச்சமும் கொஞ்சம் மிஞ்சும். சில அடுக்குமாடிகளில் வெளித்தோற்றம் மாறக் கூடாது என்று சங்கத்தில் தடை சொல்வார்கள், கேட்டுக்கொண்டு கட்டுங்கள். எனக்குப் பிடித்தது கொடிதான். பால்கனிக் கம்பியில் கயிறு கட்டி இரண்டு பையில் சங்குப்பூ போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பச்சைத் திரையே வந்துவிடும், கார்த்திகையில் போட்டால் பங்குனி வெயிலுக்குத் தயார். வெட்டிவேர்த் தட்டியும் கட்டலாம், ஆனால் தண்ணீர் தெளிக்கும் தட்டிக்குப் பக்கத்தில் மரச்சாமானை ஒட்டி வைக்காதீர்கள், ஈரம் வேறு விதமாகக் கெடுக்கும்.

இனி பிலிம். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை என்றது இதைத்தான். நல்ல சன் கண்ட்ரோல் பிலிம் புற ஊதாவில் 99 சதவீதத்தைத் தடுக்கும், அதற்குக் கருப்பாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, கண்ணுக்கே தெரியாத தெளிவான பிலிமிலும் அது உண்டு. ஆனால் தெளிவான பிலிம் வழியாக வெளிச்சம் முழுதும் வரும், முன்பே சொன்னபடி அந்த வெளிச்சமும் சாயத்தை உடைக்கும். பிலிம் ஒட்டினால் வெளுப்பு மெதுவாகும், நிற்காது. ஒட்டிவிட்டுத் திரையைக் கழற்றிப் போட்டு, இரண்டு வருடம் கழித்து ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வருத்தப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாயம் போட்ட மலிவான பிலிம் சில வருடத்தில் தானே ஊதா நிறமாகி, குமிழ் குமிழாகக் கிளம்பும், வாங்கினால் நல்லதாக வாங்குங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் வகை பகலில் வெளியாட்களுக்கு உள்ளே தெரியாமல் மறைக்கும், இரவில் விளக்குப் போட்டதும் தலைகீழாகிவிடும், அதற்கும் திரை வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியிலும் இரட்டைக் கண்ணாடியிலும் அடர்ந்த பிலிம் ஒட்டினால் சூடு தேங்கி விரிசல் விட வாய்ப்பு உண்டு, கண்ணாடி என்ன வகை என்று சொல்லிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் பிலிமுக்குத் தடை போட்டதே என்று சிலர் பயப்படுகிறார்கள், அது கார்களுக்கானது, வீட்டு ஜன்னலுக்கு அதில் ஒன்றும் இல்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள், பழைய பிலிமை உரிக்கும்போது பசை கண்ணாடியில் நிற்கும், அதைச் சுரண்டும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

தேக்கு மேஜைக்கு வருகிறேன், இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கலாம். எல்லா மரமும் வெயிலில் வெளுப்பதில்லை. பலா மரம் அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து வருடங்களில் செம்பழுப்பாக இருளும். பைன் மஞ்சளாகும். ஈட்டி, அதாவது தோதகத்தி, வெளுக்கும். தேக்கு இரண்டும் செய்யும். புதுத் தேக்கில் கரும்பட்டையும் லேசான பச்சை கலந்த நிறமும் இருக்கும், வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் அது ஒரே சீரான பொன் பழுப்புக்கு வரும். அதற்கப்புறமும் நேர் வெயில் தொடர்ந்து பட்டால் வெளிர ஆரம்பிக்கும். எனவே விரிப்புக்குக் கீழே இருக்கும் பகுதி பெரும்பாலும் புது மரத்தின் நிறத்திலேயே நின்றுவிட்டது, சுற்றிலும் இருப்பது வெளிச்சம் கண்டு மாறிய நிறம். விரிப்பை எடுத்துவிட்டு, நேர் வெயில் படாமல் சாதாரணப் பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று மாதம் மேஜையை மூடாமல் விட்டுப் பாருங்கள், தடம் தானாகவே மங்கலாம். அதற்குப் பிறகும் நின்றால் பாலிஷ்காரரைக் கூப்பிடலாம். வாங்கிய முதல் ஆறு மாதம் எந்த மர மேஜைக்கும் விரிப்பே போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான், பூச்சாடியைக்கூட அவ்வப்போது இடம் மாற்றி வையுங்கள்.

ஒருவேளை வெளுத்தது மரம் அல்லாமல் மேலே போட்ட கலராகவும் இருக்கலாம். இப்போது கடையில் வரும் தேக்கில் வால்நட் கலர், ரோஸ்வுட் கலர் என்று ஸ்டெய்ன் போட்டுத்தான் தருகிறார்கள். அந்த ஸ்டெய்ன் சாய வகையா, நிறமி வகையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாயம் என்றால் மஞ்சள் கறை மாதிரி போகும், நிறமி என்றால் காவி மாதிரி நிற்கும். பழைய பாலிஷ்காரர்கள் அரக்கு பாலிஷில் காவிப் பொடி கலந்து மரத்தின் நுண்துளைகளை அடைத்துத் தேய்த்த கலர் இன்றைக்கும் நிற்பதற்கு இதுவே காரணம். மறுபாலிஷ் போடும்போது நிறமி ஸ்டெய்ன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மேல் பூச்சில் மெலமைன் உள்வேலைக்கானது, வெயிலுக்கு இல்லை. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் நாளாக ஆக மஞ்சளாகும். பியூ என்ற பாலியூரித்தேன் பூச்சில் இரண்டு ஜாதி உண்டு, ஒன்று வெயிலில் மஞ்சளடிக்கும், மற்றொன்று அடிக்காது, வெளிவேலைக்கு என்று எழுதியிருப்பதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டாவது கிடைக்கும், விலை கூடுதல். வெள்ளை பியூ அடித்த கப்போர்டு ஜன்னல் பக்கம் மட்டும் பழுப்பாவது அந்த முதல் ஜாதியால்தான்.

என் வீட்டுக் கதை ஒன்று. அம்மா சீராகக் கொண்டுவந்த ஈட்டி மர பீரோ, கருஞ்சிவப்பும் கருப்பும் கலந்த ரேகை, அப்படி ஒரு மரம் இப்போது பார்க்க முடியாது. வீடு மாறியபோது அறையில் வேறு இடம் இல்லை என்று மேற்குப் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நான் அதே தொழிலில் இருப்பவன், அப்படியிருந்தும் நாலு வருடம் கவனிக்கவில்லை. ஒரு நாள் அம்மா பக்கவாட்டைத் தடவிக்கொண்டே ‘இது நம்ம பீரோவாடா?’ என்று கேட்டார்கள். ஒரு பக்கம் முழுதும் வெளிறி, பழைய காபிக்கறை போலக் கிடந்தது. மிகவும் மனசு கஷ்டமாகிவிட்டது. பிறகு மேல் பூச்சை எடுத்துவிட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் உள்ளிருந்து அதே பழைய நிறம் வந்தது. ஏனென்றால் வெளிச்சம் மரத்துக்குள் கால் மில்லிமீட்டர்கூடப் போவதில்லை, கெடுவது மேல் தோல் மட்டும். முழு மரமாக இருந்தால் இப்படி மீட்கலாம். பிளைவுட் மேல் வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டியதாக இருந்தால் அந்த வெனீரே அரை மில்லிமீட்டர்தான், தேய்க்கப் போனால் கீழே இருக்கும் பிளை தெரிந்துவிடும். உங்கள் மேஜை எது என்று விளிம்பைப் பாருங்கள், மேற்புறத்து ரேகை மடிந்து பக்கத்தில் இயல்பாகத் தொடர்கிறதா, அல்லது தனிப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று. சன்மைக்கா ஒட்டியது என்றால் தேய்க்கவே கூடாது, மாற்றத்தான் முடியும்.

சோபாவில் போன நிறம் திரும்ப வராது, அதை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். துணிக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றும் யோசனைகளை நம்பாதீர்கள், திட்டுத் திட்டாகும், உட்கார்ந்தால் உடையில் ஒட்டும். மெத்தைகள் தனியாகக் கழற்றும் வகை என்றால் மாதம் ஒரு முறை இடம் வலம் மாற்றி, புரட்டிப் போடுங்கள், வெளுப்பது குறையாவிட்டாலும் எல்லாம் சமமாக வெளுப்பதால் கண்ணை உறுத்தாது. வெளுத்த கைக்கு மட்டும் பொருத்தமான வெளிர் நிறத்தில் உறை தைத்துப் போடலாம். மொத்தமாகத் துணி மாற்றும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: லைட் பாஸ்ட்னஸ், அதாவது சாயம் வெளிச்சத்தைத் தாங்கும் அளவு, எத்தனை? நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள், ஒரு படி ஏறினால் தாங்கும் காலம் சுமார் இரட்டிப்பாகும். கரூர்ப் பக்கம் வீட்டுத் துணி ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது தினசரிப் பேச்சு, நம் ஊர்க் கடையில் கேட்டால் முழிப்பார்கள், ஆனால் நல்ல பிராண்டுகளின் சாம்பிள் புத்தகத்தின் பின் பக்கம் அச்சிட்டிருப்பார்கள். மேற்கு ஹாலுக்கு 6-க்குக் கீழே எடுக்காதீர்கள். இழையாக இழுப்பதற்கு முன்பே நிறமியைக் கலந்துவிடும் அக்ரிலிக் துணி இருக்கிறது, வெளித் தோட்டத்து நாற்காலிக்குப் போடுவது, அது பல வருடம் தாங்கும். பருத்தியும் லினனும் வேண்டும் என்றால் வெளிர் நிறமாக எடுங்கள், மணல் நிறம், சாம்பல் நிறம், வெளுத்தாலும் தெரியாது. மெரூனும் கருநீலமும் வெயில் எட்டாத உள்ளறைக்கு நன்றாக இருக்கும்.

ரெக்சின் சோபா வெளுப்பதைவிட விறைத்து வெடிப்பதுதான் அதிகம், வெயிலிலும் சூட்டிலும் அதை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் வெளியேறிவிடும். பிரம்பு நாற்காலி காய்ந்து நொறுங்கும். மொட்டை மாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதில் பெரியவர்களை உட்கார விடாதீர்கள், நிறம் போனதோடு பலமும் போயிருக்கும், ஒரு நாள் கால் பட்டென்று முறியும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இந்த வாரமே தினத்தாளும் நாணயமும் வைத்துப் பார்த்துவிட்டு சோபாவை ஜன்னல் சுவருக்கு நகர்த்துங்கள், மேஜை விரிப்பை எடுத்துவிடுங்கள். அடுத்து லைனிங் வைத்த திரை, பால்கனி இருந்தால் தட்டி. பிலிமை வீட்டுக்காரர் சம்மதித்தால் பார்த்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை. பாலிஷ்காரரையும் சோபாத் துணிக்காரரையும் இதெல்லாம் முடிந்து, அந்த நாணயத்தின் கீழ் வட்டம் விழுவது நின்ற பிறகு கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் புதிதாகப் போட்ட பாலிஷும் அதே ஜன்னலுக்கு எதிரே அதே வெயிலைத்தான் வாங்கும்.